காட்டைக் காக்கக் காட்டுக்கே தீ வைப்பதா? - வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், ஜாக்சன்வில்லுக்கும் லேக் சிட்டிக்கும் நடுவே பரந்து கிடக்கிறது ஒசியோலா தேசிய வனம். பரப்பு சுமார் 2 லட்சம் ஏக்கர். மேட்டில் பைன், பள்ளத்தில் சைப்ரஸ் மரங்கள் நிற்கும் சதுப்பு. சென்ற இதழில் அந்த வனத்தின் படங்கள் வெளிவந்ததும் கடிதங்கள் குவிந்துவிட்டன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: ஒரு படத்தில் வனத்துறைச் சீருடையில் இருப்பவரே புல்லுக்குத் தீ வைக்கிறார். பாதுகாக்கப்பட்ட காடு என்று கீழே எழுதியிருக்கிறீர்கள். எது உண்மை?

இரண்டும் உண்மை. அந்தக் காட்டைப் பாதுகாக்கும் வேலையில் பாதி, அதற்கு ஒழுங்காகத் தீ வைப்பதுதான்.

ஃபுளோரிடாவில் கோடைக்கு இடியும் மின்னலும் குறைவில்லை. மனிதர் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே மின்னல் விழுந்து தரைத்தீ பரவிப் பழகிய நிலம் அது. அங்குள்ள முக்கிய மரமான லாங்லீஃப் பைன் தீக்கு நடுவிலேயே வாழக் கற்றுக்கொண்டது. முளைத்த கன்று மேலே எழும்பாது. ஒரு கொத்துப் புல்லைப் போலத் தரையோடு உட்கார்ந்திருக்கும். இரண்டு மூன்று ஆண்டில் எழுவதும் உண்டு, ஏழெட்டு ஆண்டு அப்படியே கிடப்பதும் உண்டு. அந்தக் காலம் முழுவதும் வளர்ச்சி மண்ணுக்குள் ஆணிவேரில் நடக்கிறது. கொத்தின் நடுவே விரல் பருமனில் வெள்ளை மொட்டு ஒன்று இருக்கும். சுற்றிலும் ஓரடி நீள ஊசி இலைகள். தீ கடக்கும்போது இலை கருகும், மொட்டு தப்பிக்கும். இன்னொரு லாபமும் உண்டு: இலையில் பழுப்புப் புள்ளி விழச் செய்யும் பூஞ்சை கன்றுகளை வாட்டும், நோயுற்ற இலைகளைத் தீ தின்றுவிட்டால் கன்று சுத்தமாகத் துளிர்க்கிறது.

தீயை நிறுத்தினால் என்ன ஆகும்? சா பால்மெட்டோ என்ற குட்டைப் பனையும் கால்பெர்ரிப் புதரும் ஆள் உயரத்துக்கு எழும். நிழலில் கம்பிப்புல் மெலியும். பைன் விதை இலையுதிர் காலத்தில் விழுந்து சில வாரங்களில் முளைப்பது. அதற்கு வெறும் மண் தெரிய வேண்டும். சருகு மெத்தைமேல் விழுந்தால் போயிற்று. நல்ல விதைப்பு சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வரும் என்பதால் ஒரு பருவத்தைத் தவறவிடுவது சிறிய நட்டமல்ல. கடைசியில் ஒரு வறட்சி ஆண்டில் தீப்பொறி விழும். அப்போது எரிவது புல் அல்ல, மரத்தின் உச்சி. 2 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை சின்னத் தீயா, 30 ஆண்டுக்கு ஒருமுறை பெருந்தீயா என்பதுதான் அங்கே கேள்வி. தீயே வேண்டாம் என்ற மூன்றாவது வழி அந்த நிலத்தில் கிடையாது.

கேள்வி: சரி, எப்படி எரிக்கிறார்கள்? காற்று மாறினால் காடே போய்விடாதா?

போய்விடும். அதனால்தான் தீக்குச்சி எடுப்பதற்கு முந்தைய வேலைதான் அதிகம்.

முதலில் எல்லை. சாலை, ஓடை, முன்பே எரிந்த பகுதி என்று இருப்பதையெல்லாம் எல்லையாகக் கொண்டு, விட்டுப்போன இடத்தில் டிராக்டர் ஏரால் மண் தெரிய உழுது தீத்தடுப்புக் கோடு போடுவார்கள். சதுப்பின் ஓரத்தில் உழுவதைக் கூடியவரை தவிர்ப்பது நல்லது. அந்தச் சால் பிறகு வாய்க்காலாகி, சதுப்பின் நீரை வடித்துவிடும்.

அடுத்தது வானிலை. காற்றின் ஈரப்பதம் 30 முதல் 55 சதவீதம். மரங்களுக்கு இடையே வீசும் காற்று மணிக்கு 1 முதல் 3 மைல். திசை நிலையாக இருக்க வேண்டும். மெல்லிய சருகின் ஈரம் 10 முதல் 20 சதவீதம். குளிர்காலத்தில் மழை பெய்து ஓய்ந்து, வடமேற்குக் காற்று சீராக வீசும் நாள்தான் எரிப்பவர்களுக்கு நல்ல நாள். ஈரப்பதம் 30-க்குக் கீழே போனால் கங்கு பறந்து கோட்டுக்கு வெளியே விழுந்து பற்றும், உச்சி இலைகளும் வெந்துவிடும். 55-க்கு மேலே போனால் திட்டுத்திட்டாக எரிந்து புகைதான் மிஞ்சும். காற்றே இல்லாத நாள் பாதுகாப்பானது என்று நினைப்பது பெரிய தவறு. காற்று இல்லையென்றால் அனல் நேரே மேலேறி இலைகளை வேகவைக்கும். லேசான காற்று அந்தச் சூட்டைக் கலைத்துக் கொண்டுபோகும்.

ஃபுளோரிடாவில் எரிப்புக்கு மாநில வனத்துறை அந்தந்த நாளுக்கு அனுமதி தருகிறது. இதற்கென்றே 1990-ல் ஒரு சட்டம் வந்தது. முறைப்படி பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கி, எழுத்தில் திட்டம் வைத்து எரிப்பவருக்கு அது சட்டப் பாதுகாப்பும் தருகிறது.

பிறகு ஒரு மூலையில் சோதனைத் தீ. புகை எந்தப் பக்கம் சாய்கிறது, சுடர் எவ்வளவு எழுகிறது என்று பார்த்துவிட்டு, சரிப்படவில்லை என்றால் அணைத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். சரியாக இருந்தால், காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தக் கடைசிக் கோட்டில் முதலில் தீ வைப்பார்கள். அது காற்றை எதிர்த்து ஊர்ந்து வர வேண்டும். மணிக்கு நூறு, நூற்றைம்பது அடி நகர்ந்தாலே அதிகம். சுடரும் முழங்காலைத் தாண்டுவது அபூர்வம். இப்படி ஒரு கருகிய பட்டை அகலமாக உருவான பிறகுதான், அதை நோக்கிக் காற்றோடு ஓடும் தீயைக் கீற்றுக் கீற்றாக விடுவார்கள். ஒவ்வொரு கீற்றும் வேகமெடுப்பதற்குள் முந்தைய கருகலில் மோதி அடங்கிவிடும். அவசரப்பட்டுக் கீற்றுகளுக்கு இடையே அதிக தூரம் விட்டால் தீ ஓட இடம் கிடைத்துவிடும். பெரும்பாலான சேதம் இந்த அவசரத்தில்தான் நடக்கிறது.

படத்தில் அவர் கையில் இருந்த தூக்குப் பாத்திரத்தைச் சிலர் கேட்டிருந்தார்கள். அது தீ சொட்டும் கலம். டீசல் 3 பங்கு, பெட்ரோல் 1 பங்கு என்பது வழக்கமான கலவை. மூக்கின் நுனியில் எரியும் திரி வழியே எண்ணெய் சொட்டுச் சொட்டாகத் தீயோடு விழும். பெட்ரோல் கூடினால் குப்பென்று பற்றி ஆளைச் சுடும். டீசல் கூடினால் குளிர்நாளில் பற்றவே பற்றாது.

கேள்வி: பல காலம் எரிக்காமல் விட்ட இடத்தில் தீ வைத்தால் முதிய மரங்கள் பட்டுப்போகும் என்று படித்தேன். தீயைத் தாங்கும் மரம் என்கிறீர்களே?

நல்ல கேள்வி. அனுபவசாலிகளும் சறுக்கும் இடம் இது. பைன் மரத்தின் பட்டை செதில் செதிலாக உதிர்ந்து அடிமரத்தைச் சுற்றிக் குவியும். தீ அடிக்கடி வந்தால் இது சேராது. பல பத்தாண்டுகள் வராவிட்டால் அரையடி, ஓரடி மேடாகிவிடும், மரம் அந்த மட்கிலேயே மெல்லிய வேர்களை விடும். பிறகு காய்ந்த நாளில் தீ வைத்தால் சுடர் கடந்து போய்விடும், மேடு மட்டும் உள்ளே கனன்றுகொண்டிருக்கும், மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில். பார்க்கச் சாதுவான தீ. அடிமரமும் வேரும் மெதுவாக வெந்து, மரம் பல மாதம் கழித்துப் பட்டுப்போகும். மேல் சருகு காய்ந்து, அடி மட்கு ஈரமாக இருக்கும் நாளில் முதல் எரிப்பைச் செய்ய வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக, நாலைந்து தடவையில் அந்த மேட்டைக் கரைப்பதே முறை. முக்கியமான மரங்களைச் சுற்றி மண்வாரியால் ஒதுக்குவதும் உண்டு.

எரித்த மறுவாரம் இலையெல்லாம் பழுப்பாகத் தெரிந்தால் மரம் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். மொட்டு உயிரோடு இருந்தால் லாங்லீஃப் மறுபடி பச்சை பிடிக்கும்.

கேள்வி: இந்த வனத்தின் வழியே போகும் ஐ-10 நெடுஞ்சாலையில் இரவுப் பயணம். புகை எச்சரிக்கைப் பலகை பார்த்தால் என்ன செய்வது?

கூடுமானால் விடியும்வரை வேறு வழியில் போங்கள், அல்லது தங்கிவிடுங்கள். இரவில் காற்று அடங்கியதும் புகை பள்ளத்தைத் தேடி வடியும். கனலும் கட்டைகளிலிருந்து வரும் ஈரப்புகை பனிமூட்டத்தோடு கலந்தால் காரின் முன்பக்கமே தெரியாது. 2012 ஜனவரி 29 அதிகாலையில், கெய்ன்ஸ்வில் அருகே ஐ-75 சாலையில் காட்டுத்தீப் புகையும் மூடுபனியும் சேர்ந்து, வண்டிகள் அடுத்தடுத்து மோதி 11 பேர் இறந்தார்கள். மாட்டிக்கொண்டால் வேகத்தைக் குறைத்து, விளக்கைத் தாழ்த்திப் போடுங்கள். உயர்விளக்கு புகையில் பட்டுக் கண்ணைக் கூசும். வண்டிகள் ஓடும் தடத்தில் மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: ஒரே மட்டமான நிலம். ஓரிடத்தில் பைன், பத்தடி தள்ளிச் சதுப்பு. எப்படி?

கண்ணுக்கு மட்டம், தண்ணீருக்கு அப்படியில்லை. ஓரடி இறக்கம் போதும், காடே மாறிவிடும். மேலே மணல். சில அடி ஆழத்தில், மழைநீர் அடித்துக்கொண்டுபோன மட்கும் அலுமினியமும் இறுகிக் காப்பிப் பொடி நிறத்தில் ஓர் அடுக்கு. கோடை மழையில் தண்ணீர் இந்த அடுக்கின்மேல் தேங்கிப் பைன் காட்டிலும் கணுக்கால் நனையும். வசந்தத்தில் அதே மணல் வறண்டு போகும். ஆண்டில் பாதி வெள்ளம், பாதி வறட்சி என்று இரண்டையும் தாங்கும் செடிதான் அங்கே நிற்கும். மண்ணில் சத்து குறைவு; பூச்சி பிடிக்கும் குடுவைச் செடி வளர்வது அதனால்தான். அதற்கும் புதர் மூடாத வெளிச்சம் வேண்டும், ஆகவே அதற்கும் தீ வேண்டும்.

இந்த வனத்தின் நீரில் ஒரு பகுதி செயின்ட் மேரீஸ் ஆறு வழியாக அட்லாண்டிக்குக்கும், மறுபகுதி சுவானி ஆறு வழியாக மெக்சிகோ வளைகுடாவுக்கும் போகிறது. பிரிக்கும் மேடு எது என்று நின்று பார்த்தால் தெரியாது.

கேள்வி: ஜனவரியில் போயிருந்தோம். சைப்ரஸ் மரங்கள் எல்லாம் காய்ந்து நின்றன. நோயா?

நோயில்லை. ஊசியிலை மரமாக இருந்தும் குளிர்காலத்தில் இலை உதிர்ப்பது சைப்ரஸின் குணம். மார்ச்சில் போயிருந்தால் இளம்பச்சையைப் பார்த்திருப்பீர்கள்.

அடியில் முட்டி முட்டியாக நிற்பவை வேரிலிருந்து எழும் முளைகள். சுவாசிக்கத்தான் அவை என்று பல புத்தகங்கள் அடித்துச் சொல்கின்றன. அது இன்னும் நிரூபணமாகவில்லை. சைப்ரஸ் விதை தண்ணீருக்குள் முளைக்காது என்பது மட்டும் உறுதி. சதுப்பு வற்றிச் சேறு தெரியும்போது முளைத்து, அடுத்த வெள்ளம் தலையை மூடுவதற்குள் உயர்ந்துவிட வேண்டும். எப்போதும் நீர் நிற்கும் குளத்தில் பெரிய மரங்கள் இருக்கும், கன்று ஒன்றுகூட இருக்காது. நீர்மட்டம் ஏறி இறங்குவதைத் தடுத்தால் அந்தத் தலைமுறையோடு முடிந்தது.

கேள்வி: சில பைன் மரங்களில் வெள்ளைப் பெயின்ட் வளையம். வெட்டப் போகிறார்களா?

நேர்மாறு. அந்த மரத்தில் செங்கொண்டை மரங்கொத்தியின் பொந்து இருக்கிறது, தொடாதே என்று அர்த்தம். இந்தப் பறவை 1970-ல் அழியும் நிலையிலுள்ளவற்றின் பட்டியலில் சேர்ந்தது. 2024-ல்தான் ஒரு படி இறக்கி, அச்சுறுத்தலுக்கு உள்ளானது என்று வகைப்படுத்தினார்கள்.

மற்ற மரங்கொத்திகள் பெரும்பாலும் பட்ட மரத்தில் துளைக்கும். இது உயிருள்ள பைனில்தான் குடியிருக்கும். பட்டைக்கு அடுத்துள்ள இளங்கட்டையான வெளிறு, பிசின் கக்கும். அதைக் கடந்து வைரம் பாய்ந்த நடுக்கட்டைக்குள் அறை குடைய வேண்டும். நடுக்கட்டையைப் பூஞ்சை மென்மையாக்கியிருந்தால் வேலை எளிது. பூஞ்சை பிடிக்க மரத்துக்கு எண்பது, நூறு வயதாவது ஆக வேண்டும். அப்படியும் ஒரு பொந்து முடியப் பல ஆண்டுகள் ஆவது சாதாரணம். முதிய மரங்களை வெட்டித் தீர்த்ததும் இந்தப் பறவை ஏன் வீழ்ந்தது என்பது இதிலிருந்தே புரியும்.

பொந்தைச் சுற்றிச் சின்னச் சின்னக் குழிகளைக் கொத்திப் பிசினை வழியவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் உருகி வழிந்த மெழுகுவத்தி மாதிரி இருக்கும். ஏறிவரும் பாம்பின் வயிற்றுச் செதிலில் அது ஒட்டிக்கொண்டால் பாம்பால் பிடித்து ஏற முடியாது.

முதிய மரம் போதாத இடத்தில் செயற்கைப் பொந்து வைக்கிறார்கள். 1989-ல் ஹியூகோ புயல் தென் கரோலினாவின் பிரான்சிஸ் மாரியன் தேசிய வனத்தில் பொந்து மரங்களில் பெரும்பகுதியைச் சாய்த்தபோது இந்த முறைதான் கைகொடுத்தது. சுமார் 4 அங்குல அகலம், 6 அங்குல ஆழம், 10 அங்குல உயரமுள்ள சிடார் பெட்டி. மரத்தில் சங்கிலி ரம்பத்தால் அதே அளவில் குடைந்து, பெட்டியைச் செருகி, இடுக்கை மரப் புட்டியால் பூசி அடைப்பார்கள். பொந்து வைக்கும் உயரத்தில் மரத்தின் விட்டம் 15 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. ஒழுங்காக அடைக்காவிட்டால் உள்ளே பிசின் கசிந்து பறவை ஒட்டிக்கொண்டு செத்துவிடும். அதனால் வைத்தபின் திரும்பத் திரும்ப ஏறிப் பார்ப்பார்கள். பொந்தின் வாயை வேறு பெரிய மரங்கொத்திகள் அகலமாக்கிவிடாதபடி உலோகத் தகடும் அடிப்பதுண்டு.

பார்க்க விரும்பினால் விடியுமுன் போய்ச் சற்றுத் தள்ளி அமைதியாக நில்லுங்கள். சூரியன் எழுந்ததும் வெளியே வந்து, கொஞ்சம் பேசிக்கொண்டு கூட்டமாகக் கிளம்பிவிடும். போனில் குரலைப் போட்டு அழைக்காதீர்கள்; கூடுகட்டும் ஏப்ரல் முதல் ஜூலை வரை இது பெரிய தொந்தரவு.

கேள்வி: தேசிய வனத்தில் வேட்டையும் மரவெட்டும் அனுமதியாமே?

ஆம். தேசியப் பூங்கா வேறு, தேசிய வனம் வேறு. வனம் வேளாண் துறையின் கீழ் வருவது. மரம், நீர், வனவிலங்கு, பொழுதுபோக்கு எல்லாவற்றுக்கும் சேர்த்து நிர்வகிக்க வேண்டும் என்பது 1960-ஆம் ஆண்டுச் சட்டம். ஒசியோலாவை ஜனாதிபதி ஹூவர் 1931 ஜூலை 10 அன்று அறிவித்தார். அதற்குள்ளேயே பிக் கம் சதுப்பு என்ற சுமார் 13,660 ஏக்கர் மட்டும் 1984 முதல் மோட்டார் வண்டியும் மரவெட்டும் இல்லாத வனாந்தரப் பகுதி.

கேள்வி: ஒசியோலா யார்?

ஃபுளோரிடாவின் பூர்வகுடிகளான செமினோல் மக்களின் தலைவர். 1837 அக்டோபரில் வெள்ளைக்கொடியின் கீழ் பேச்சுவார்த்தைக்கு வந்தவரை அமெரிக்கப் படை பிடித்தது. 1838 ஜனவரி 30 அன்று தென் கரோலினாவில் சிறையில் இறந்தார். அவரைப் பிடித்த அரசே அவர் பெயரைக் காட்டுக்கு வைத்திருக்கிறது.

கேள்வி: பழைய கட்டை ஒன்றில் மீன்முள் போல V வடிவக் கீறல்கள், பூனை மீசை மாதிரி. என்ன அது?

அங்குள்ளவர்களும் அதைப் பூனைமுகம் என்றுதான் சொல்கிறார்கள். பெயின்டைக் கரைக்கும் எண்ணெயான டர்பன்டைனுக்குப் பிசின் எடுத்த தழும்பு. பட்டையைச் சீவி, வளரும் பருவத்தில் ஏறக்குறைய வாரம் ஒரு கீறல், ஒவ்வொன்றும் முந்தையதற்குச் சற்று மேலே. பிசின் தகரத் தாழ்வாரம் வழியாகக் கீழே தொங்கும் கிண்ணத்தில் சேரும். ஆதியில் கிண்ணம் கிடையாது. அடிமரத்திலேயே கோடரியால் குழி வெட்டினார்கள், மரம் காற்றுக்கு ஒடிந்து விழுந்தது. மண் கிண்ணத்தை வேதியியலாளர் சார்லஸ் ஹெர்ட்டி 1900-களின் தொடக்கத்தில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். பிசினைச் செப்புக் கொப்பரையில் தண்ணீரோடு காய்ச்சினால் டர்பன்டைன் ஆவியாகிக் குளிர்ந்து வடியும், அடியில் ரோசின் என்ற கெட்டிப் பிசின் மிஞ்சும். வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத் தொழிலாளர்கள், முகாம் கடையில் ஏறிய கடனால் கட்டுண்டவர்கள். தழும்பைப் பார்க்கும்போது அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி: இரண்டு நாள் நடைப்பயணம் போகலாமா? எதற்குக் கவனமாக இருக்க வேண்டும்?

தாராளமாக. ஃபுளோரிடா டிரெயில் பாதையில் சுமார் 23 மைல் இந்த வனத்துக்குள் வருகிறது. மரத்தில் ஆரஞ்சுப் பெயின்ட் பட்டை இருந்தால் முதன்மைப் பாதை, நீலம் கிளைப்பாதை, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பட்டை இருந்தால் பாதை திரும்புகிறது. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி பைன் என்பதால், அடுத்த பட்டை கண்ணில் படாவிட்டால் முன்னே போகாதீர்கள், கடைசியாகப் பார்த்த பட்டைக்குத் திரும்புங்கள். சமீபத்தில் எரித்த பகுதியில் பெயின்ட் பட்டை கருகி மறைந்திருக்கும்.

நவம்பர் முதல் மார்ச் வரை நடக்க ஏற்ற காலம். மான் வேட்டைப் பருவமும் அப்போதே வருவதால், பளிச்சென்ற ஆரஞ்சு மேலாடையும் தொப்பியும் இல்லாமல் இறங்காதீர்கள். மே, ஜூனில் மஞ்சள் ஈக்கள் கடித்துப் பிய்த்துவிடும். கால் நனையும் என்று முன்பே ஏற்றுக்கொண்டு, நனைந்தால் சீக்கிரம் காயும் காலணி போடுங்கள். நீர்புகாத பூட்ஸில் ஒருமுறை தண்ணீர் ஏறினால் நாள் முழுக்க வெளியேறாது. ஓடைநீர் தேநீர் நிறத்தில் இருக்கும். அது இலைச்சாறு, வடிகட்டினாலும் நிறம் போகாது, ஆனால் வடிகட்டிக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். கரடி உண்டு என்பதால் சாப்பாட்டைக் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள். ஓஷன் பாண்ட் ஏரியில் முதலை உண்டு.

எரிந்த காட்டுக்குள் ஓர் ஆபத்து பலருக்குத் தெரிவதில்லை. பிசின் ஊறிய பழைய அடிக்கட்டைகள் தீ அணைந்து பல நாள் மண்ணுக்குள் கனலும். கட்டை முழுக்கச் சாம்பலாகிவிட்டால், மேலே சாம்பல் மூடிய குழி மட்டும் இருக்கும், தரை போலவே தெரியும். காலை வைத்தால் முழங்கால் வரை இறங்கும், உள்ளே தணல். கருகிய தரையில் பாதையை விட்டு விலக வேண்டி வந்தால் கைத்தடியால் குத்திப் பார்த்து அடி வையுங்கள். பட்ட மரத்தின் கீழ் கூடாரம் போடாதீர்கள். அடி வெந்த மரம் காற்றில்லாத இரவிலும் விழும்.